அஞ்சாவது ஆள் வந்தால் பூட்டு!

ஆனைக்குட்டம் அணையின் மதகுச் சுவரை ஒட்டி மிதந்தது அந்த உடல்.

நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. காலில் ஒரே ஒரு ஷூ.

ஆடு மேய்க்க வந்தவர் குனிந்து பார்த்தார்...

அலறினார்!

அதே காலை, சிவகாசியில் ராஜபாண்டியனின் செல்போனும் அலறியது.

இட்லியைச் சட்னியில் தோய்த்துக் கொண்டிருந்தவர் இடது கையால் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"யாரு?"

"இன்ஸ்பெக்டர் அழகுமீனா பேசறேன். தருண்குமாரைத் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? கம்ப்யூட்டர்காரப் பய. நேத்துக்கூட அம்புட்டுப் பேரு மத்தியில நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டு விட்டேன். என்னவாம்? எம்மேல புகார் குடுத்திருக்கானாக்கும்?"

"குடுக்க முடியாது சார்."

"ஏன்?"

"செத்துட்டார்."

இட்லி விரலிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

"வீட்லயே இருங்க. வந்துக்கிட்டே இருக்கேன்."

ராஜபாண்டியனுக்கு இரண்டு பட்டாசு ஆலைகள். எம். புதுப்பட்டியில் ஓடுகிற ஆலை ஒன்று. அச்சங்குளத்தில் சுவர் விரிசல் விட்டதால் பூட்டிப் போட்ட ஆலை ஒன்று. கோபம் மட்டும் நாலு ஆலைக்குக் காணும்!

உள்ளேயிருந்து மனைவி செல்லக்கனி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க போன்ல? மொகம் ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒந் தம்பிய வரச் சொல்லு."

அவள் தம்பி அய்யப்பன்தான் இரண்டு ஆலைக்கும் மேனேஜர். சாவிக் கொத்து, சம்பளம், லாரி, லோடு எல்லாம் அவன் கையில்.

அய்யப்பன் வந்து சேர்வதற்கும், வாசலில் ஜீப் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

அழகுமீனா உட்காரவில்லை. நின்றபடியே தன் போனை ராஜபாண்டியன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வீடியோ ஓடியது.

நேற்றுக் காலை நடந்த கூட்டம். பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் வாங்கி வைத்திருக்கிற 'தொழில்துணை' என்ற நிர்வாக சாஃப்ட்வேரின் வருங்காலத் திட்டத்தை மேடையில் விளக்கிக் கொண்டிருந்தான் தருண்குமார்.

"அடுத்த வருஷ தீபாவளி சீசனுக்குள்ள இது எல்லாருக்கும் வந்துரும். ஒவ்வொரு ரூம் வாசல்லயும் ஒரு கேமரா. உள்ள எத்தனை பேர்னு தானா எண்ணும். நாலு பேருக்குத்தான் அனுமதி. அஞ்சாவது ஆள் கால் வச்சா சாஃப்ட்வேர் பூட்டிக்கும். பில் போட முடியாது. பில் இல்லேன்னா லோடு ஏறாது... லாரி நகராது!"

கூட்டம் முணுமுணுத்தது. நடுவிலிருந்து ஓர் உருவம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

ராஜபாண்டியன்!

"ஏலே! நாலு பேர வச்சு ஆர்டர ஒங்கப்பனா முடிச்சுக் குடுப்பான்? இந்தப் பூட்ட மட்டும் கொண்டு வந்து பாரு... நீ உசுரோட ஊரு போய்ச் சேர மாட்ட!"

வீடியோ நின்றது.

"உங்க குரல்தானே சார்?"

"என் குரல்தான். அதுக்கு? கோவத்துல சொன்னா கொன்னுருவாகளா?"

"மண்டையில கல்லால அடிச்சுத் தண்ணியில தள்ளியிருக்காங்க. நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"கார எடுத்துக்கிட்டு விருதுநகர் ரோட்டுல சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன்."

"கூட யார் இருந்தா?"

"என் கோவம் இருந்துச்சு!"

அழகுமீனா சிரிக்கவில்லை.

"தருண்குமார் கடைசியா பேசினது உங்க ஆபீஸ் நம்பருக்கு. எடுத்தது யாரு?"

ராஜபாண்டியன் திகைத்துப் போய் மச்சினனைப் பார்த்தார். அய்யப்பன் உதட்டைப் பிதுக்கினான்.

"நான் சாத்தூர்ல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன் மேடம். எங்க அத்தான் கோவக்காரரு... கொலைகாரரு கெடையாது!"

"அதை நான் முடிவு பண்ணிக்கிறேன். ராஜபாண்டியன் சார், ஊரை விட்டு நகரக்கூடாது!"

ஜீப் கிளம்பியது.

ராஜபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வண்டிய எடுலே!"

"எங்கத்தான்?"

"விருதுநகருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு."

"நகரக்கூடாதுன்னுல்ல சொல்லிட்டுப் போறாக?"

"எவனோ கொன்னுட்டு எந் தலையில கட்டுதான். நான் வீட்டுல உக்காந்து இட்லி திங்கவா? எடுலே!"

விருதுநகரில், பருப்பு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கிக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அய்யப்பனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் படியேறினார் ராஜபாண்டியன்.

உள்ளே எல்லாக் கம்ப்யூட்டர்களும் அணைந்து கிடந்தன. ஒரே ஒரு பெண். அழுது சிவந்த கண்கள். தருண்குமாரோடு சேர்ந்து அந்தத் திட்டத்தைத் தயாரித்த இசைவாணி.

அவரைப் பார்த்ததும் எழுந்தாள். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வீசினாள்!

அது அவர் தோளில் பட்டு உருண்டது.

"கொன்னுட்டு துக்கம் விசாரிக்க வந்தீகளோ?"

"ஏ பிள்ள! வாய அடக்கிப் பேசு!"

"எதுக்கு அடக்கணும்? ஒரு ரூமுக்கு நாலு பேருங்கிறது எங்க சட்டமா? கவர்மெண்டு சட்டம். நீங்க எத்தன பேர வைக்கீக? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க!"

ராஜபாண்டியன் குனிந்து, உருண்ட பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

ஆறு பேர். சீசன் நெருக்கினால் ஏழு. அது அவருக்கும் தெரியும், அவருடைய ஆலைச் சுவருக்கும் தெரியும்.

"நான் நல்லவன்னு சொல்ல வரல," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா நான் கொல்லல. அவன் எதுக்கு எங்க ஆபீஸுக்குப் போன் போட்டான்? அத மட்டும் சொல்லு."

இசைவாணி அவரையே பார்த்துக் கொண்டிருந்தாள். இந்த முரட்டு மனிதர் கெஞ்சுகிறாரா?

"ஒங்களப் பாக்கணும்னுதான்."

"என்னையவா?"

"கேமரா வைக்க எடம் பாக்கணும்னு ஒவ்வொரு ஆலையாப் போய்க்கிட்டு இருந்தாரு. நேத்து கூட்டம் முடிஞ்சு ஒங்க அச்சங்குளம் ஆலைக்குப் போனாரு. அங்கன இருந்து எனக்குப் பேசுனாரு. 'இங்க ஒரு விஷயத்தப் பாத்துட்டேன். ராஜபாண்டியன் சாருக்கே இது தெரியாதுன்னு நெனைக்கேன். மொதல்ல அவருகிட்டதான் சொல்லணும்'னாரு."

"என்ன விஷயம்?"

"சொல்லல. ஆனா ஒண்ணு சொன்னாரு. 'அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அவரு கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்கி, அடுத்த வாரமே அச்சங்குளத்துல இந்தப் பூட்டப் போட்டுப் பாக்கணும்'னாரு."

"அடுத்த வாரமா? எங்கிட்ட யாரும் சொல்லலியே!"

"யாருக்குமே சொல்லல. இன்ஸ்பெக்டர் கேட்டப்ப அவுககிட்டச் சொன்னேன். இப்ப ஒங்களுக்கு. வேற ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்குன்னா..." அவள் குரல் உடைந்தது. "அவரு சாகுறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்டப் பேசியிருக்காருன்னு அர்த்தம்!"

ராஜபாண்டியன் படியிறங்கி வந்தார். என்ன விஷயம்? பூட்டிக் கிடக்கிற ஆலையில் பார்க்க என்ன இருக்கிறது? ஓணானும் கருவேலமுள்ளும்தான்.

காரில் ஏறினார். அய்யப்பன் வண்டியை நகர்த்தினான்.

"என்னத்தான் சொல்லுதா அந்தப் பிள்ள?"

"அழுவுதா."

"அழட்டும். ஒரு வகையில நல்லதாப் போச்சுத்தான். அந்தப் பய இருந்திருந்தா அடுத்த வாரமே அச்சங்குளத்துல கேமராவ மாட்டி நம்ம கழுத்துல கத்தி வச்சிருப்பான்!"

கார் ஓடியது.

ராஜபாண்டியனின் உடம்பு ஓடவில்லை... உறைந்து போனது!

அடுத்த வாரம்.

அச்சங்குளம்.

திரும்பி மச்சினனின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று டவுசரோடு அவர் மடியில் ஏறி உட்கார்ந்த பயல். செல்லக்கனி ஊட்டி வளர்த்த பயல். நெற்றியில் விபூதி. ஸ்டியரிங்கில் தாளம் போடும் விரல்கள்.



"மாப்ள..."

"என்னத்தான்?"

"வண்டிய அச்சங்குளத்துக்கு விடு."

தாளம் நின்றது.

"அங்கன என்னத்தான் இருக்கு? பூட்டிக் கெடக்கு. சாவிகூட நான் எடுத்துட்டு வரல."

"சொவத்தப் பாக்கணும். விடு."

"இன்னொரு நாள் பாப்பமே..."

"விடுலே!"

கார் அச்சங்குளம் போய்ச் சேருகிற வரைக்கும் இருவரும் வாய் திறக்கவில்லை.

ஆலை கேட்டில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பழைய பூட்டு.

"நான்தான் சொன்னேன்ல?" என்றான் அய்யப்பன். "வாங்க போவோம்."

ராஜபாண்டியன் மூக்கை உறிஞ்சினார். மருந்து வாசனை! புதுசாக அரைத்த வெடிமருந்தின் வாசனை. பிறந்ததிலிருந்து அவர் சுவாசித்த வாசனை. ஏமாற்ற முடியாது.

கம்பி வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வேலி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. உள்ளே ஷெட்டுகள். ஒரு ஷெட்டின் உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம்... பெண்களின் சத்தம்!

கதவைத் தள்ளினார்.



நாலு பேர் உட்கார வேண்டிய அறை. இருபது பெண்களுக்கு மேல்! முதுகோடு முதுகு உரச, முழங்காலோடு முழங்கால் இடிக்க, மடியில் தட்டு, தட்டு நிறைய மருந்து. மேலே, சுவரில், அவர் ஆலையைப் பூட்டக் காரணமான அதே விரிசல்... இப்போது கை நுழையும் அளவுக்கு!

"மொதலாளி!" முன்னால் இருந்த மாரிச்செல்வி எழுந்தாள். அவருடைய புதுப்பட்டி ஆலையில் முன்பு வேலை பார்த்தவள். "நீங்களா? நீங்க சொல்லித்தான் இங்கன வேலை நடக்குன்னு அய்யப்பன் அண்ணாச்சி சொன்னாகளே! யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னாக!"

"தட்ட மெதுவாக் கீழ வையுங்க. ஒவ்வொருத்தரா வெளிய வாங்க. ஓடாதீக... உரசாதீக!"

அவர் கத்தவில்லை. ஓர் ஆலைக்குள் முதல் முறையாக ராஜபாண்டியன் மெதுவாகப் பேசினார்.

கடைசிப் பெண் வெளியேறுகிற வரைக்கும் உள்ளேயே நின்றார். வியர்வை காது வழியே வழிந்தது. அப்பாடா என்று அவர் வாசலைப் பார்த்துத் திரும்பியபோது...

வாசலை மறைத்துக்கொண்டு நின்றான் அய்யப்பன்.

ஒரு கையில் தீப்பெட்டி. மறு கையில் குச்சி!

"அசையாதீக அத்தான்."

"அய்யப்பா... வெளையாடாத."

"வெளையாட்டு நேத்தே முடிஞ்சு போச்சு." அவன் கண்கள் சிவந்திருந்தன. "வர்ற வழியில எல்லாம் நீங்க ஒரு வார்த்த பேசல. அப்பவே புரிஞ்சு போச்சு. என்னத்த வச்சுக் கண்டுபிடிச்சீக?"

"அடுத்த வாரம்னு நீதான சொன்ன? அது தருண்குமாருக்கும் அந்தப் பிள்ளைக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டுந்தான் தெரியும்."

அய்யப்பன் பல்லைக் கடித்தான்.

"அந்தப் பய ஆபீஸுக்குப் போன் போட்டான். நான்தான் எடுத்தேன். 'சாருக்குத் தெரியாம அச்சங்குளத்துல ஆளுங்கள அடைச்சு வச்சிருக்காங்க, சார்கிட்ட உடனே சொல்லணும்'னான். அத்தான் ஆனைக்குட்டம் அணையில இருக்காரு, அங்கன வான்னு வரச் சொன்னேன். வந்தான். அப்பவும் கெஞ்சிப் பாத்தேன். 'அந்த ரூமுல தீப்பிடிச்சா ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க, அடுத்த வாரமே பூட்டப் போட்டுருவேன்'னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தான்!"

"அதுக்குக் கொல்லுவியாலே? அவன் சொன்னதுல என்ன தப்பு?"

"நீங்க கேக்குறீகளா இத? நேத்து கூட்டத்துல அவன் சட்டையப் புடிக்காத கொறையாக் கத்துனது யாரு?"

ராஜபாண்டியனுக்கு அடி சரியான இடத்தில் விழுந்திருந்தது.

"இத யாருக்குலே நடத்துத?"

"சாத்தூர்க்காரன் ஒருத்தனுக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கேன். வேற என்ன செய்யச் சொல்லுதீக? படிச்சு முடிச்ச நாள்ல இருந்து ஒங்க பின்னாடி பைய தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். என்னையும் தொழில்ல கூட்டு சேத்துக்கோங்க அத்தான்னு எத்தன தடவ கேட்டேன்! மச்சினன் மச்சினனா இருடான்னுட்டீக. வேலக்காரனாவே சாகச் சொல்லுதீகளா?"

"சரி... இப்ப என்ன வேணும் ஒனக்கு?"

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. நான்தான் கோவத்துல அடிச்சேன்னு சொல்லுங்க. வீடியோ இருக்கு. ஊரே நம்பும்."

"சொல்லலேன்னா?"

குச்சியைத் தீப்பெட்டியின் மேல் வைத்தான்.

"நான் வெளிய நிக்கேன். நீங்க உள்ள நிக்கீக. சொவத்தப் பாக்கப் போன மொதலாளி விபத்துல செத்தாருன்னு அக்காகிட்ட அழுதுக்கிடுவேன்!"

ராஜபாண்டியன் பயந்தாரா? பயந்தார். ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று ஏறி நின்றது. நேற்று ஊர் பார்க்க அவர் வைது விரட்டிய பையன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைத் தேடி வந்திருக்கிறான். இந்த அநியாயம் அவருக்குத் தெரியாது என்று நம்பியிருக்கிறான். அவரை ஒரு மனுஷனாக நினைத்திருக்கிறான்!

"பத்த வையுலே," என்றார்.

"அத்தான்!"

"பத்த வையி. அந்தப் பயலக் கொன்னது நானில்ல. அந்த ஒண்ணையாவது மிச்சம் வச்சுக்கிட்டுச் சாவுதேன்!"

அய்யப்பன் குச்சியை உரசினான்...

சர்ர்ர்!

தீ பிறந்தது.

அதே நொடியில்...

சளார்!

வாசலோரம் தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளித் தண்ணீர் முழுவதும் அய்யப்பனின் தலையில் இறங்கியது! பின்னால் காலி வாளியோடு மாரிச்செல்வி!

"நாங்க அம்புட்டுப் பேரும் உள்ள இருந்தப்பவும் இப்பிடித்தான் பத்த வச்சிருப்பியாலே, பேதில போவான்!"

வாளி அவன் மண்டையில் இறங்கியது. அவன் ஓடப் பார்த்தான். இருபது பெண்கள் ஓட விடவில்லை. மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி அப்பிய கைகள் அவன் சட்டையை, முடியை, கழுத்தைப் பற்றின. கொஞ்ச நேரத்தில் அய்யப்பன் வெள்ளிச் சிலை மாதிரி மண்ணில் கிடந்தான்!

வேலிப் பக்கம் சரக்கென்று துணி கிழியும் சத்தம்.

அழகுமீனா கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தாள்.

"ஊரை விட்டு நகரக்கூடாதுன்னு சொன்னேன். நகர்ந்தீங்க. பின்னாலேயே நானும் நகர்ந்தேன்."

"எல்லாத்தையும் கேட்டீகளா?"

"'போனை நான்தான் எடுத்தேன்'ல இருந்து கேட்டேன். வேலிக் கம்பியில யூனிஃபார்ம் மாட்டிக்கிச்சு. இல்லேன்னா தண்ணியை நான் ஊத்தியிருப்பேன்!"

அய்யப்பனின் கையில் விலங்கு ஏறியது. வெளியே நின்ற ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள்.

ராஜபாண்டியனின் போன் அடித்தது. செல்லக்கனி.

"எங்கன இருக்கீக? தம்பியும் கூடத்தான இருக்கான்? மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிட வந்துருவீகல்ல? அவனுக்குப் பிடிக்குமேன்னு கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்..."

ராஜபாண்டியன் ஜீப்பைப் பார்த்தார்.

"அடுப்ப அணச்சுரு செல்லக்கனி," என்றார். "நான் நேர்ல வந்து சொல்லுதேன்."

வைத்தார். வைத்த உடனே மறுபடியும் அடித்தது. இந்த முறை இசைவாணி.

"சார்... இன்ஸ்பெக்டர் இப்பத்தான் சொன்னாக. நான் பேசுனதுக்கு, பாட்டில எறிஞ்சதுக்கு..."

"அத விடு பிள்ள. அந்தப் பூட்டு என்னாச்சு? நிறுத்திப் போடுவீகளா?"

"காலையில இருந்து எல்லா மொதலாளிகளும் போன் போட்டு மெரட்டுறாக சார். நிறுத்தச் சொல்லி."

"எவன் மெரட்டுனாலும் என் பேரச் சொல்லு. நிறுத்தாத! அந்தப் பய ஆசப்பட்ட மாதிரி மொதல்ல என் கம்பெனியில போடு. அடுத்த வாரமே போடு!"

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"எந்தக் கம்பெனி சார்?" என்றாள் பக்கத்தில் நின்ற அழகுமீனா.

"புதுப்பட்டி, அச்சங்குளம்... ரெண்டுலயுந்தான்."

"அச்சங்குளத்துக்கு இப்ப சீல் வைக்கப் போறேன். புதுப்பட்டியில ஒரு ரூமுக்கு ஆறு பேர் உக்காந்திருக்காங்கன்னு என் ஆள் இப்பத்தான் பார்த்துட்டுச் சொன்னாரு. அதுக்கும் சீல்."

"மேடம்! கொலகாரன் அந்தா உக்காந்திருக்கான்!"

"கொலைக்கு அவர். இந்த ஷெட்டுக்கும், உள்ள இருந்த அத்தனை உயிருக்கும்? லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு சார்?"

லைசென்ஸ் ராஜபாண்டியன் பேரில்தான் இருந்தது.

வேப்பமரத்தடியில் நின்ற பெண்களை ஒரு முறை பார்த்தார். மாரிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். ஜீப்பை நோக்கி நடந்தார்.

உள்ளே, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெள்ளிப் பொடி மின்ன உட்கார்ந்திருந்த அய்யப்பன் நிமிர்ந்து பார்த்தான். கண்கள் விரிந்தன.

"அத்தான்... நீங்களுமா?"

"தள்ளி உக்காருலே, மாப்ள," என்றார் ராஜபாண்டியன், ஏறிக்கொண்டே. "கூட்டு சேத்துக்கோங்கன்னு கேட்டேல்ல? இந்தா... சேத்தாச்சு!"